மூச்சு விட்டாலும் கேட்காது

வாங்க டீச்சர், உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. ஃபேன் போடவில்லையே என்று தப்பாக நினைக்காதீங்க. கரண்ட் இருக்கிறது. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஃபேன் ஓடினால் உள்ளே தொட்டிலில் பாப்பா மூச்சு விடுவது எனக்குக் கேட்காது. வியர்த்தால் இந்தாங்க, விசிறி. கொஞ்சம் மெதுவாக வீசிக்கொள்ளுங்க.

செல்போன் பார்க்கத்தானே வந்தீங்க? கீழ்வீட்டுக் கோமதியம்மா சொன்னாங்க. மகளைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விடப் போகிறீங்க, பழைய செட் ஒன்று இருந்தால் போதும் என்று கேட்டீங்களாம். இதுதான் செட். கையில் எடுத்தே பார்க்கலாம். டெட்டால் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். பேசுகிற இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கிறதே, அதை மட்டும் ஊக்கு முனையால் குத்திக் குத்தி எடுத்தேன். உள்ளேயிருந்து என்னென்ன வந்தது என்று கேட்காதீங்க. எங்க அத்தையின் முகப்பவுடர், என் எச்சில், பாப்பாவின் கோழை, எல்லாம் சேர்ந்து காய்ந்து, மூக்குக்குள்ளிருந்து எடுத்த மாதிரி. இத்தனை கருமமும் இந்த ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது. போக வேண்டிய ஒன்றுதான் போகவில்லை.

விற்கிறவள் பேசுகிற பேச்சா இது என்று பார்க்கிறீங்க. செட்டில் கோளாறு கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி நிற்கும். ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. உங்கள் மகள் பேசினால் தெளிவாகக் கேட்கும். பேசினால். அதனால்தான் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். ஒளித்து விற்பது பாவம் என்று எங்கள் கான்வென்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் அப்பா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பிரிட்டோ தங்கமான மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வாய் தவறி ஒரு கெட்ட வார்த்தை வராது. மெட்ராஸில் ஒரு செல்போன் கடையில் சேல்ஸ் பார்க்கிறார். எனக்கு அருவருப்பெல்லாம் இந்தச் சாமான் மேல்தான். அவர் மேல் கிடையாது.

கல்யாணமான புதிதில் என்னை ஒருமுறை கடைக்குக் கூட்டிப்போனார். அப்போது செல்போன் என்றால் வக்கீல்களும் பிளாட் விற்கிறவர்களும்தான் வாங்குவார்கள். வருகிறவர்களுக்கு இவர் எதைக் காட்டி விற்பார் தெரியுமா? ஒன்றுமில்லாததைக் காட்டி விற்பார். அதுதான் அவர் சாமர்த்தியம். என் கையில் ஒரு செட்டைக் கொடுத்துப் பின்னறையில் நிறுத்தினார். "ஜெசி, காதோட வச்சிக்கிட்டுச் சும்மா நில்லு. நான் சொல்ற வரைக்கும் பேசாதே" என்றார். பின்னறை என்பது அட்டைப்பெட்டி அடுக்குகிற பொந்து. அதற்குள் ஒரு நிற்கிற ஃபேன், லாரி மாதிரி இரைந்துகொண்டு. முன்னால் இவர் வந்தவர் காதில் இன்னொரு செட்டை வைப்பார்.

"சார், உங்க வீட்டுப் போன்ல கொர்ருனு ஒரு இரைச்சல் வருமே, அது இதுல இருக்கா? நல்லாக் கேளுங்க. இல்லைல்ல? அதான் சார் டிஜிட்டல். அந்தப் பக்கம் ஆள் லைன்லதான் இருக்கு. மூச்சு விட்டாலும் கேட்காது. பேசினா மட்டும்தான் கேட்கும். ஜெசி, பேசு!"

நான் "குட் ஈவினிங் சார்" என்பேன். அந்த மனிதர் நற்கருணை வாங்கினவர் மாதிரிக் கண்ணை மூடித் திறப்பார். உடனே பில். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "உன் குரல் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு ஜெசி" என்றார். இருக்காதா? பதினோரு வருஷம் சிஸ்டர் இமெல்டாவிடம் படித்த குரல். பதறக்கூடாது, கத்தக்கூடாது, நேராக நின்று முழு வாக்கியமாகப் பேச வேண்டும். ஒருமுறை கிணற்றடியில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்ல என்னை அனுப்பினார்கள். நான் கதவைத் தட்டி, "எக்ஸ்க்யூஸ் மி சிஸ்டர், உள்ளே வரலாமா?" என்றுதான் ஆரம்பித்தேன். சிரிக்காதீங்க டீச்சர். அதற்காக எனக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள்.

இந்தச் செட் வருகிற வரை இவரோடு பேசுவது கோமதியம்மா வீட்டுப் போனில்தான். கறுப்பு, சுழற்றுகிற போன். டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். வருகிற அழைப்பை எடுக்கலாம், நாமாகப் போட முடியாது. சாவி கோமதியம்மா இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் நின்று, "ஏ ஜெசிந்தா, மெட்ராஸ் போனு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாங்க. எடுத்தால் கடல் இரைகிற மாதிரி இரையும். நடுவில் யாரோ இரண்டு பேர் வாழைத்தாருக்குப் பேரம் பேசுவார்கள். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளேயே இவர் எதையோ மென்றுகொண்டிருப்பது கேட்கும். டீக்கிளாஸைக் கீழே வைப்பது கேட்கும். மூக்கை உறிஞ்சினால் கேட்கும். "சளி பிடிச்சிருக்கா?" என்பேன். "ஒனக்கெப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்படுவார்.

பாப்பா பிறந்ததும் கிறிஸ்துமஸுக்கு வந்தார், இந்தச் செட்டைக் கொண்டுவந்தார். இனிமேல் மாடிப்படி இறங்க வேண்டாம், ஊராருக்கு நம் பேச்சு தெரிய வேண்டாம் என்றார். நல்ல எண்ணம்தான். திரும்பிப்போய் முதல் தடவை பேசினபோது எனக்கு யார் பேசுவது என்றே தெரியவில்லை. தகரக் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு சொல்லும் ஓரம் சீவி, மொழுமொழு என்று, தோல் உரித்த பல்லி மாதிரி. சிரிப்புதான் இன்னும் மோசம். முழுதாக வராது. துண்டு துண்டாக, தொண்டையில் ஏதோ மாட்டின தவளை மாதிரி. சீ என்று காதிலிருந்து எடுத்துவிடுவேன். எடுத்தால் காதெல்லாம் சூடு, பிசுபிசுப்பு.

நான் இந்தப் போனில் அழுதிருக்கிறேன் டீச்சர். சத்தமில்லாமல் அழுவேன், அப்படித்தான் பழக்கம். அவருக்கு என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கியா ஜெசி?" நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கிறேன், சொல்லுங்க" என்பேன். "ஆங், இப்பக் கேட்குது" என்பார்.

ஒரு நிமிஷம்.

இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி. எந்தச் சத்தம் வந்தாலும் எனக்கு இப்படித்தான். நீங்க காபி குடிங்க.

ஐப்பசி மழையோடு ஆரம்பித்தது. பாப்பாவுக்கு — ஷெரின் என்று பெயர் — அப்போதுதான் தவழ்கிற வயது. தூங்கும்போது நெஞ்சிலிருந்து மெல்லியதாக ஒரு விசில். கதவு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அத்தைக்கும் கேட்கும். "ஏட்டி, சளிட்டி அது. எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான். ஓமத்தை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடு" என்பாங்க. அத்தை கெட்டவங்க இல்லை. பாப்பா என்றால் உயிர். நான்தான் பொறுக்காமல் ஆட்டோ பிடித்து ஒரு டாக்டரிடம் தூக்கிப் போனேன். போய்ச் சேருவதற்குள் காற்றோட்டத்தில் விசில் நின்றுவிட்டது. அங்கே போய்ப் பாப்பா டாக்டரின் பேனாவைப் பிடுங்கிச் சிரிக்கிறாள். "லேசான சளி" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மறுபடியும் போனேன். மறுபடியும் அப்படியே. அத்தை தன் மகனிடம், "ஒம் பொண்டாட்டி பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுதது ஒரு சீக்காப் போச்சுடா. தும்முனா ஓடுதா. எதுக்குத்தான் இப்படிப் பயந்து சாவுதாளோ" என்றாங்க. எனக்கு முன்னால், இந்தப் போனில்தான்.

இவர் யோசித்து ஒரு வழி சொன்னார். எனக்கும் அத்தைக்கும் சண்டை வராமல் இருக்க வேண்டுமே. "இங்க பாரு ஜெசி, இனிமே பிள்ளைக்கு மூச்சுல சத்தம் வந்தா முதல்ல எனக்குப் போடு. செட்டைப் பாப்பா வாய்கிட்ட வை. நான் கேட்டுட்டுச் சொல்றேன், டாக்டர்கிட்டப் போகணுமா வேண்டாமான்னு."

எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீங்களா? நான் ஒருத்தி மட்டும் முடிவெடுக்க வேண்டாமே என்று.

இப்போதுதான் பக்கத்துத் தெருவில் டவர் வந்து வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. அப்போது சிக்னல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான். அதனால் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தால் நாங்கள் என்ன செய்வோம்? மழைத் தூறலில், ஈரக்காற்றில், மூச்சு இழுக்கிற பிள்ளையை மாடிக்குத் தூக்கிப் போவோம். அத்தை குடை பிடிப்பாங்க. நான் ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் செட். பாப்பா இந்த ஏரியல் குமிழை வாய்க்குள் விட்டுச் சப்புவாள், பிடுங்கினால் அழுவாள். அழுதால் இவருக்கு அழுகை கேட்கும். "நல்லாத்தானே அழுறா?" என்பார். அழுகையை நிறுத்தி, வாயருகில் வைத்து, நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மழையிலும் அந்த விசில் எங்கள் காதில் தெளிவாக விழும். அத்தை என்னைப் பார்ப்பாங்க, நான் அத்தையைப் பார்ப்பேன்.

செட்டை என் காதுக்குக் கொண்டுவந்தால், "ஒண்ணும் கேட்கலை ஜெசி. சுத்தமா இருக்கு."

அத்தை குடையை மடக்கிவிடுவாங்க. "அவன் சொல்லிட்டாம்லா. கீழ வா." அவ்வளவுதான். படி இறங்கும்போது என் தோளில் பாப்பா விசிலடித்துக்கொண்டேதான் வருவாள். எங்கள் இருவர் காதிலும் விழும். ஆனால் விழாத மாதிரி இறங்குவோம். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது டீச்சர். என் காதுதான் சரியில்லையோ, நான்தான் இல்லாததைக் கேட்கிறேனோ என்று. நான் காதில் எண்ணெய்கூட விட்டுப் பார்த்தேன்.

அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பாப்பா காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. வாய் வைப்பாள், இரண்டு இழுப்பு, விட்டுவிட்டு அண்ணாந்து மூச்சு வாங்குவாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுகிறது. உதட்டைச் சுற்றிலும் நீலம் பாய்ந்திருக்கிறது. மாடிக்கு ஓடினேன். அத்தை பின்னாலேயே குடையோடு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னங்க, பாப்பாவுக்கு மூச்சு விட ரொம்பச் சிரமமாக இருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறேன்." அப்படியே, முழு வாக்கியமாக. வாய் சிஸ்டர் இமெல்டாவுக்குப் பாடம் ஒப்பிக்கிறது.

"கஸ்டமர் இருக்காங்க ஜெசி. சரி, வை, கேட்கிறேன்."

வைத்தேன். பாப்பாவின் நெஞ்சு பம்பு மாதிரி ஏறி இறங்குகிறது. விசில் இப்போது மெல்லிசு இல்லை, கிழிகிற சத்தம். அத்தைகூட வாயில் கையை வைத்துக்கொண்டாங்க.

"ஒண்ணும் இல்லையேம்மா. உன் குரல்லகூடப் பதற்றம் இல்லை, பிறகெதுக்குப் பயப்படுறே? அம்மாகிட்டக் குடு."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்தப் பின்னறை ஞாபகம் வந்தது. அட்டைப்பெட்டி, அந்த லாரி ஃபேன், நான் செட்டோடு நின்றது. மூச்சு விட்டாலும் கேட்காது சார் என்று இவர் விற்றது. சொன்னேன். "என்னங்க, அன்றைக்குக் கடையில் என் பக்கத்தில் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. உங்களுக்கு அது கேட்கவில்லை. அதே மாதிரித்தான் இதுவும்."

அவர் என்ன சொன்னார்? "அது ஃபேனு ஜெசி. இது பிள்ளை. பிள்ளை சத்தம் எப்படிக் கேட்காமப் போகும்?"

நியாயமாகத்தானே கேட்டார்? செட்டை அத்தை கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். கோமதியம்மா வீட்டுக் கதவைத் தட்டவில்லை, டீச்சர். எக்ஸ்க்யூஸ் மி சொல்லவில்லை. நேரே உள்ளே போய், "பூட்டைத் திறங்க" என்றேன். எச்சில் கையோடு சோற்றிலிருந்து எழுந்து வந்தாங்க. பாப்பாவைப் பார்த்தாங்க. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாங்க. நான் கடையின் சாதாரணப் போன் நம்பரைச் சுழற்றச் சொன்னேன். ஏன் நேரே ஆட்டோவைக் கூப்பிடவில்லை என்று பார்க்கிறீங்க. அவருக்கு அது கேட்டாக வேண்டும். ஒரே ஒரு தடவை அவர் காதால் கேட்டுவிட்டால் போதும் என்று.

அதே கடல் இரைச்சல். அவர் எடுத்தார். பாப்பாவின் வாயருகில் ரிசீவரைப் பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன்.

"யாரு? ஜெசியா? என்ன அது சத்தம்? பின்னால குக்கர் விசிலா?"

கேட்டுவிட்டது! "குக்கர் இல்லைங்க. பாப்பாங்க. அது பாப்பா" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை.

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. பிறகு சொன்னார்: "லைன் சரியில்லை ஜெசி. ஒரே இரைச்சல். எனக்கு ஒண்ணும் புரியலை. இதை வச்சிட்டுச் செல்லுல கூப்பிடு."

கோமதியம்மா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாங்க. "இரைச்சலா? எய்யா, அது ஒம் பிள்ளை மூச்சுய்யா!" என்று சொல்லி மேஜைமேல் போட்டாங்க. வைக்கக்கூட இல்லை. அது கிடந்து "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தது. வாசலுக்கு வந்தால் அத்தை செட்டைக் காதில் வைத்தபடியே சிக்னல் இல்லாத படியில் நிற்கிறாங்க. "அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமே" என்றாங்க. "நீங்க கேட்டுக்கிட்டே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கோமதியம்மா எச்சில் கையாலேயே ஆட்டோவை மறித்தாங்க.

இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி, பக்கத்தில் எது இருந்ததோ அது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டாங்க. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டவே இல்லை. பாப்பாவை வாங்கிக்கொண்டே, "வாசல் வரைக்கும் கேட்குதேம்மா. வீட்டுல யாருக்குமே கேட்கலையா?" என்றாங்க.

"கேட்டது டாக்டர். எல்லோருக்கும் கேட்டது" என்றேன். முழு வாக்கியம்.

ஆக்சிஜன், ஊசி, வாயில் கவிழ்க்கிற ஒரு முகமூடியில் புகை மாதிரி மருந்து. பொழுது சாயும்போது அந்தக் குழி விழுவது குறைந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தாங்க, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாங்க. இது திரும்பத் திரும்ப வரக்கூடியது, சத்தம் கேட்டால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, தூக்கிக்கொண்டு வா என்றாங்க.

அவர் மறுநாளே ரயிலேறி வந்துவிட்டார். தங்கமான மனிதர் என்று சொன்னேனே. பாப்பாவைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். கரடி பொம்மை வாங்கிக் கொடுத்தார். டாக்டரம்மாவின் காலில் விழப் போனார். எல்லாம் முடிந்ததும் இந்தச் செட்டை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். "மைக்லதான் கோளாறு" என்று சொன்னார். அத்தையும், "அந்தச் சனியன் பிடிச்ச செட்டாலதாம்டே எல்லாம்" என்றாங்க. இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறாங்க. கோளாறு கிடையாது டீச்சர். நான் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன்.

போன வாரம் புதுச் செட் வந்தது, கூரியரில். "இது லேட்டஸ்ட் ஜெசி. பழசைவிடச் சுத்தம். நடுரோட்டுல நின்னு பேசினாலும் வண்டிச் சத்தம் வராது" என்றார். "பாப்பா மூச்சு?" என்று கேட்டேன். "அதான் சொல்றேன்ல, எந்தத் தொந்தரவும் வராது" என்றார். பழசை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். அதனால்தான் கோமதியம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

கோமதியம்மா ஒன்று செய்தாங்க. போன் பூட்டுக்கு இன்னொரு சாவி இருந்ததாம். அதை என்னிடம் கொடுத்துவிட்டாங்க. இதோ பாருங்க, தாலிச் செயினில், ஊக்குகளோடு கோர்த்து வைத்திருக்கிறேன். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

அய்யோ, உங்கள் கையிலேயே அடிக்கிறது பாருங்க. பயப்படாதீங்க. அவராகத்தான் இருக்கும், மத்தியானம் டீ குடிக்க வெளியே வருகிற நேரம். என் சிம் இன்னும் இதில்தான் இருக்கிறது. நல்லதாகப் போயிற்று, வாங்குவதற்கு முன்னால் நீங்களே கேட்டுப் பாருங்க. பச்சைப் பொத்தானை அழுத்துங்க. காதில் வையுங்க.

கேட்கிறதா? ஒவ்வொரு சொல்லும்? இரைச்சல் ஏதாவது? இல்லைதானே. அவர் பேசுவது எப்போதுமே நன்றாகக் கேட்கும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொடுங்க.

ஹலோ. சொல்லுங்க... ம். என்னது?... இல்லைங்க. கேட்கலை. ஒண்ணுமே கேட்கலைங்க... இல்லையே, இரைச்சல்கூட இல்லை. சுத்தமா இருக்கு.

வைத்துவிட்டேன்.

புதுச் செட்டில் சிம்மைப் போட்டாயா என்று கேட்கிறார். பாப்பா தூங்கும்போது அதை வாயருகில் ஒருமுறை வைத்துக் காட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். அட்சரம் பிசகாமல் கேட்டது டீச்சர். நீங்களும்தான் கேட்டீங்களே, செட்டில் ஒரு கோளாறும் இல்லை. தைரியமாக வாங்கலாம். இருங்க, சிம்மைக் கழற்றிவிட்டுத் தருகிறேன்.

பீரோ மேலே அட்டைப்பெட்டியில் புதுசும் இருக்கிறது. இன்னும் பிரிக்கவே இல்லை. அதையும் எடுத்துக்கொள்கிறீங்களா?